மூச்சு முட்டு எதனால்? ஊதும் சோதனைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் நுரையீரல் ஊதும் சோதனை எடுக்கிற வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தரவும் மாட்டேன். ஆனால் முறை வரும்வரை பெஞ்சில் காத்திருக்கிறவர்கள், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். தேங்காப்பட்டணத்தில் இருந்து வந்தாலும் தோவாளையில் இருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். என் அம்மாவின் மூச்சு முட்டுக்குக் காரணம் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது, அதைக் கீழே 11-வது கேள்வியில் சொல்லியிருக்கிறேன். இன்னொரு வீட்டில் அப்படி இரண்டு வருடம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மூச்சு முட்டுண்ணா அது ஆஸ்துமாதானே அக்கா?

இல்லை. மூச்சு முட்டு ஒரு அறிகுறி, காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் டெங்குவிலும் வரும், சிறுநீர்த் தொற்றிலும் வரும், அதை வைத்து மட்டும் நோயின் பெயரைச் சொல்ல முடியாது இல்லையா, இதுவும் அப்படித்தான். ஆஸ்துமாவில் வரும், புகையால் கெட்டுப்போன நுரையீரலில் வரும் (சீட்டில் சிஓபிடி என்று எழுதியிருப்பார்கள்), நுரையீரல் தழும்பு பிடித்து விறைத்துப் போனாலும் அதைச் சுற்றி நீர் கோர்த்தாலும் வரும். இதயம் பலவீனமானாலும் வால்வு சுருங்கினாலும் வரும். ரத்தசோகை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, ஏறிப்போன உடல் எடை, மனப் பதற்றம், இவற்றிலும் வரும்.

நம் பக்கத்தில் இளைப்பு, இழுப்பு, வீசிங், முட்டு என்று பல பெயர் சொல்கிறோம், ஆனால் சொல்கிறவர் மனதில் இருப்பது ஒவ்வொன்றும் வேறு. நெஞ்சு இறுகுவதா, எவ்வளவு இழுத்தாலும் காற்று போதாததா, மூச்சு விடும்போது விசில் சத்தமா, அல்லது கால் ஓய்ந்து போகிற களைப்பா என்று கொஞ்சம் யோசித்துச் சொன்னாலே டாக்டருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

2. மாடிப்படி ஏறுனா யாருக்குந்தான் இளைக்கும். எப்போ இதைப் பெரிசா எடுக்கணும்?

உங்களை உங்களோடேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதம் முன்பு நிற்காமல் ஏறின ஏற்றத்தில் இப்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா? சம வயதுக்காரரோடு சமதளத்தில் நடக்கும்போது பின்தங்குகிறீர்களா? குளித்து உடை மாற்றுவதற்கே மூச்சு வாங்குகிறதா? கடைசியில் சொன்னது ரொம்ப முற்றின நிலை, அதுவரை காத்திருக்கக் கூடாது.

சிவராத்திரிக்கு வருடா வருடம் சிவாலய ஓட்டம் போகிற ஒரு தம்பி வந்தார். திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயிலும் ஓடி முடிப்பவர், அந்த வருடம் மூன்றாவது கோயிலிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் "பயிற்சி இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருக்கே தெரிந்திருந்தது இது வேறு என்று. நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கிற எந்த மூச்சுத் திணறலுக்கும் காரணம் தேடியே ஆக வேண்டும், வயது 25 ஆனாலும் சரி.

3. எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது, நினைவு தடுமாறுகிறது, இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, அதோடு திடீரென்று மூச்சு முட்டினால் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். பிரசவம், ஆபரேஷன், பல நாள் படுக்கை, நீண்ட விமானப் பயணம் இவற்றுக்குப் பிறகு இது நடக்கும். அதற்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

4. முதல்ல யாருட்ட போகணும், நெஞ்சு டாக்டரா ஹார்ட் டாக்டரா?

இரண்டும் வேண்டாம், முதலில் ஒரு பொது மருத்துவர். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனைகளிலோ தொடங்கலாம். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, இவ்வளவு பார்த்தாலே வழி எந்தப் பக்கம் போகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள், டிபிக்குச் சோதனையும் மருந்தும் அரசில் இலவசம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள்.

நிறைய பேர் நேராகத் திருவனந்தபுரம் போய் சிடி ஸ்கேனில் தொடங்குகிறார்கள். கடைசியில் ரத்தசோகை என்று தெரிகிறது, அதை உள்ளூரிலேயே ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்திருக்கலாம்.

5. டாக்டர் முன்னால உக்காந்தா எல்லாம் மறந்து போகுது. என்ன சொல்லணும்?

இதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. எந்த மெஷினும் கேட்காத விஷயங்கள் இவை, ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிக் கொண்டு போங்கள்.

எப்போது தொடங்கியது, ஒரே நாளிலா மெல்ல மெல்லவா. நாளில் எந்த நேரம் அதிகம்: விடியற்காலை இருமலோடு எழுப்புகிறது என்றால் ஆஸ்துமா நினைவுக்கு வரும், படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் திணறி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றால் இதயம். மல்லாந்து படுக்க முடிகிறதா, எத்தனை தலையணை வைக்கிறீர்கள், போன வருடம் எத்தனை வைத்தீர்கள். காலில் செருப்பு வார் தடம் பதிகிறதா. நடந்தால் மட்டுமா, சும்மா இருக்கும்போதுமா. மழைக்காலத்தில், வீடு வெள்ளையடிக்கும்போது, பழைய துணிப்பெட்டியைத் திறக்கும்போது கூடுகிறதா. சளியின் நிறம், ரத்தம் கலந்ததா, எடை குறைந்ததா.

அப்புறம் இப்போது செய்கிற வேலை மட்டும் போதாது, இதுவரை செய்த எல்லா வேலையும் சொல்லுங்கள். வீட்டில் புறா, லவ் பேர்ட்ஸ் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். பறவை எச்சத்தின் தூசி சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும், அதை யாரும் தானாகச் சொல்வதில்லை. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்பதும் இதில் சேரும், ஏன் என்பது 11-ல் இருக்கிறது.

6. விரல்ல மாட்டுற மெஷின்ல 98 காட்டுது. அப்போ ஒண்ணும் இல்லதானே?

கொரோனா காலத்தில் வாங்கின மெஷின் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஆஸ்துமாவிலும் ரத்தசோகையிலும் ஆரம்ப கட்ட இதயக் கோளாறிலும் உட்கார்ந்திருக்கும்போது 98 காட்டும். ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்றுதான் அது சொல்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. பத்து பேர் வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஆறு பேர் வந்து, ஆறு பேரும் முழு மூச்சாக வேலை செய்தால் நூறு சதவீதம் என்று எழுதுகிற மாதிரி.

நுரையீரல் தழும்பு நோயில் ஓய்வில் சரியாக இருக்கிற அளவு நடந்தால் இறங்கும். அதனால்தான் ஆறு நிமிடம் நடக்க வைத்துப் பார்ப்பார்கள். நடந்ததும் 4 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இவற்றால் கணக்கு தப்பும். கருத்த தோலில் உள்ளதை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டவும் செய்யும்.

7. ஈசிஜி, எக்ஸ்ரே ரெண்டும் நார்மல்ணு எழுதியிருக்கு. பிறகு ஏன் முட்டுது?

ஈசிஜி என்பது அந்தச் சில விநாடிகளில் இதயத்தின் மின்னோட்டம். வால்வு எப்படித் திறக்கிறது, தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பதெல்லாம் எக்கோவில்தான் (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) தெரியும். ஆஸ்துமாக்காரருக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தழும்பு நோயின் ஆரம்பமும் எக்ஸ்ரேயில் தப்பிவிடும், துல்லியமான சிடி ஸ்கேனில் மாட்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பு அவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமல், நடந்தால் மூச்சு வாங்குவதாக மட்டும் வரலாம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் கூட இப்படி வருவதுண்டு. "வலி இல்லை, அதனால் ஹார்ட் இல்லை" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

8. இந்த ஊதுற டெஸ்ட்டு என்னது மக்ளே, வலிக்குமா?

வலிக்காது அம்மா. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாயை வைத்து, முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்து, ஒரே வீச்சில் வெளியே தள்ளி, காற்று தீரும்வரை ஊத வேண்டும், ஆறு விநாடியாவது. நான் "ஊது, ஊது, ஊது" என்று கத்துவேன், கோபம் இல்லை, அப்படிச் சொன்னால்தான் கடைசிக் காற்று வரும். மூன்று தடவையாவது ஒழுங்காக வர வேண்டும்.

ஊதின மொத்தக் காற்றில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியே வந்தது என்று பார்க்கிறோம். அது 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் குழாய் சுருங்கியிருக்கிறது. அப்புறம் மருந்தை உறிஞ்சச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். நன்றாக ஏறினால், அதாவது 12 சதவீதமும் 200 மில்லியும் சேர்ந்து கூடினால், ஆஸ்துமாவுக்குச் சாதகம். அதனால் வருகிற அன்று இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால் முட்டு தாங்கவில்லை என்றால் எடுத்துவிட்டு, எடுத்ததைச் சொன்னால் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். சமீபத்தில் ஹார்ட் அட்டாக்கோ கண் ஆபரேஷனோ நடந்திருந்தால் ஊதும் முன்பே சொல்லிவிடுங்கள்.

9. ஊதுனதுலயும் நார்மல். ஆனா ராத்திரி இழுக்கத்தானே செய்யுது?

நம்புகிறேன். ஆஸ்துமா வந்து வந்து போகிற நோய், நீங்கள் காலை 11 மணிக்கு வெயிலில் வந்து ஊதும்போது குழாய் திறந்திருக்கும். இதற்குப் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவி இருக்கிறது, மருந்துக் கடையில் கிடைக்கும். இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதி வையுங்கள். மாலையில் 380, விடியற்காலையில் 270 என்று ஏறி இறங்கினால் அந்த நோட்டு ஒன்றே பேசும். இழுக்கிற நேரத்தில் ஃபோனில் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டருக்குப் போட்டுக் காட்டினாலும் உதவும்.

10. எங்க அம்மா பீடி தொட்டதே இல்ல. அவளுக்கு எப்படி சிஓபிடி வரும்?

அம்மா எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். ஜன்னல் இல்லாத அடுக்களையில் ஓலை, மட்டை, சிரட்டை எரித்து 30 வருடம் சமைத்தவர்களின் நுரையீரல், புகை பிடித்தவரின் நுரையீரல் மாதிரியே ஆகலாம். கேஸ் வந்த பிறகும் நெல் அவிக்க, வெந்நீர் போட விறகுதான் என்ற வீடுகளை நான் அறிவேன்.

வேலையும் அப்படித்தான். அண்டி ஆபீஸில் முந்திரி வறுக்கிற புகை, ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைப்புரை, ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டின் காட்டம், தும்பு ஆலைத் தூசி, செங்கல் சூளை, இவை எல்லாம் மூச்சுக் குழாயை உறுத்துபவை. இவற்றை விடப் பயப்பட வேண்டியது கல் தூசி. கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்தவர்களுக்கு சிலிக்கோசிஸ் (கல் தூசியால் நுரையீரல் தழும்பு பிடிக்கிற நோய்) வரலாம், வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் வெளியே தெரியும், டிபியும் எளிதில் பிடிக்கும். வளைகுடா நாட்டில் மணல் வீச்சுப் பணி செய்துவிட்டு வந்த அண்ணன்மார், "இப்போ என்ன வேலை?" என்று கேட்டால் "சும்மா வீட்டில்" என்கிறார்கள். அப்படிச் சொன்னால் அந்த எக்ஸ்ரே டிபி என்று மட்டும் படிக்கப்படலாம்.

11. ஊசி போட்டு ஆவி பிடிச்சா சரியாகுது. பிறகு எதுக்கு இத்தனை டெஸ்ட்டு?

என் அம்மாவும் இதைத்தான் சொன்னார். ராத்திரி முட்டும், பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போவோம், ஒரு ஊசி, ஒரு நெபுலைசர் (மருந்தை ஆவி மாதிரி ஆக்கி மூச்சில் தருகிற மெஷின், அதைத்தான் ஆவி பிடிப்பது என்கிறோம்), இரண்டு நாள் நன்றாக இருப்பார். சீட்டில் ஆஸ்துமா என்று எழுதியிருந்தது, நாங்களும் கேள்வி கேட்கவில்லை. ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். கால் வீங்கியதை வயது என்று நினைத்தோம். நான் அப்போது இந்த வேலைக்கு வந்து இரண்டாவது வருடம், தினமும் மற்றவர்களிடம் தலையணைக் கணக்கு கேட்டவள் என் அம்மாவிடம் கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஒரு நாள் வேறொரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வெகு நேரம் வைத்துக் கேட்டுவிட்டு, "சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து படுத்தீங்களா?" என்றார். அம்மா பத்து வயதில் இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகாததைச் சொன்னார். எக்கோவில் இதய வால்வு சுருங்கியிருந்தது, ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப் போன வடு அது. திருவனந்தபுரத்தில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். இப்போது ஒரு தலையணையில் படுக்கிறார்.

ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் பல நோய்களில் தற்காலிகமாக இலேசாகும், அதனாலேயே காரணம் மறைந்து நிற்கும், சர்க்கரையும் ஏறும். அவசரத்துக்கு ஆவி பிடிப்பதில் தப்பே இல்லை. மாதத்தில் இரண்டாவது தடவையும் அதற்காகப் போக வேண்டி வந்தால் காரணம் தேடுங்கள். கர்ப்பத்தில் முதல் முறையாக இப்படி முட்டுகிறது என்றால் கட்டாயம் இதயத்தைப் பார்க்க வேண்டும், இந்த வால்வு நோய் கர்ப்பத்தில்தான் பல பெண்களுக்கு வெளிப்படுகிறது.

12. ரத்தம் கொறவுண்ணா மூச்சு முட்டுமா?

முட்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13, இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் இரும்பு மாத்திரையோடு நிறுத்தாதீர்கள், ரத்தம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பெண்களுக்கு அதிக மாதவிடாய், ஆண்களுக்கு மூலம், குடல் புண், சில சமயம் குடல் புற்றுநோய்.

13. இன்ஹேலர் தொடங்குனா பழகிப்போயிரும்ணு சொல்லுதாவளே?

பழகாது. சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு உறிஞ்சலுக்கு 100 மைக்ரோகிராம், அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் 4000 மைக்ரோகிராம், நாற்பது மடங்கு. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவு குறைவாகவே போதுகிறது. இன்ஹேலர் பலனளிக்கவில்லை என்று வருகிறவர்களில் பலர் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை, அதனால் என் முன்னாலேயே ஒருமுறை உறிஞ்சிக் காட்டச் சொல்வேன். சரியாக உறிஞ்சியும் பலன் இல்லை என்றால் நோயே வேறாக இருக்கலாம்.

14. 20 வருஷத்துக்கு முன்ன டிபி வந்து மாறிச்சு. திரும்ப வந்துட்டோ?

இருக்கலாம், சளிப் பரிசோதனை செய்தால் தெரியும். திரும்பி வராமலேயே பழைய தழும்பும் சுருங்கின பகுதியும் மூச்சு முட்டைத் தரும், அதற்கு டிபி மாத்திரை பலன் தராது.

15. நான் சாப்பிடுற மாத்திரையால முட்டு வருமா?

வரும். கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் பதற்றத்துக்கும் தருகிற ப்ரொப்ரனலோல் ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கிளப்பும். கண் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான், கண்ணில் விடுவது நெஞ்சில் வேலை செய்யும் என்று யார் நினைப்பார்கள்? வலி மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தருகிற டிகாக்ரெலர் சிலருக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தரும், மூட்டு வாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் அரிதாக நுரையீரலையே பாதிக்கும்.

இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கண்டிப்பாக நிறுத்தக் கூடாது. கண் மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

16. எல்லா டெஸ்ட்டும் நார்மல், வெறும் வெப்ராளம்ணு சொல்லிட்டாவ. நான் நடிக்கேனா?

நீங்கள் நடிக்கவில்லை. பதற்றத்தில் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரலும் வாயைச் சுற்றியும் மரத்துப் போகும், தலை சுற்றும், அது உடம்பில் நடக்கிற உண்மையான மாற்றம். ஓய்வில் வரும், பெருமூச்சு அடிக்கடி வரும், ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொண்டு நடக்கும்போது பெரும்பாலும் வராது. அதற்கும் மூச்சுப் பயிற்சி, ஆலோசனை என்று சிகிச்சை இருக்கிறது.

ஆனால் மற்ற காரணங்களைப் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும். இளம் பெண் என்பதாலேயே எக்கோ கூட எடுக்காமல் "டென்ஷன்" என்று எழுதியிருந்தால், 5-ல் சொன்ன பேப்பரோடு இன்னொரு டாக்டரைப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

17. காரணம் கண்டுபிடிச்சு மருந்தும் எடுக்கேன். ஆனாலும் குறையலியே?

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று காரணம் சேர்ந்திருப்பது சாதாரணம், அறுபது வயதுக்கு மேல் ரொம்பவே சாதாரணம். குளச்சல் பக்கத்தில் இருந்து ஒரு மாமா வந்தார். சிஓபிடி உறுதி, இன்ஹேலரும் ஒழுங்காக உறிஞ்சுவார், ஆனாலும் மோசமாகிக் கொண்டே போனது. எல்லாரும் நுரையீரலையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கடைசியில் ஹீமோகுளோபின் 8, இதயமும் கொஞ்சம் பலவீனம். இரண்டையும் கவனித்த பிறகு தானாக நடந்து வந்து என்னிடம் ஊதினார், ஊதின கணக்கு பெரிதாக மாறவில்லை, ஆனால் மனிதர் மாறியிருந்தார்.

அதனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் சரியாக மருந்து எடுத்தும் குறையவில்லை என்றால் திரும்பப் போய் "இதோடு வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். போகும்போது ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். எக்ஸ்ரே, சிடி என்றால் பேப்பர் மட்டும் போதாது, படமும் வேண்டும். பத்து வருடத்துக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரே அலமாரிக்கு மேலே கிடந்தால் அதையும் துடைத்து எடுத்துப் போங்கள், இன்றைய படத்தில் தெரிகிற நிழல் அன்றே இருந்ததா புதிதா என்று டாக்டர் அதை வைத்துத்தான் பார்ப்பார்.